பல்லாவரத்துச் சரளைக் குழியும் பஞ்சமி நிலமும்

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரம் படை முகாமுக்கு அருகே சரளை எடுக்கத் தோண்டியிருந்த ஒரு குழியின் ஓரத்தில், வெளியே வாரிக் கொட்டிய கற்களுக்கு நடுவே ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால வரலாறு அங்கிருந்துதான் எழுதப்படத் தொடங்கியது. தொல்லியல் படிக்கும் மாணவர்களுக்கு இந்தத் தேதி மனப்பாடம். அந்தக் குழியைத் தோண்டியவர்கள் யார் என்ற கேள்வியை மட்டும் எந்த வினாத்தாளிலும் நாங்கள் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. சாலை போடுவதற்கான மணலும் சரளையும் கல்லும் எங்கே கிடைக்கும் என்று அரசு 150 ஆண்டுகளுக்கும் மேலாக வரைபடம் போட்டு வருகிறது. கிடைத்த கல் எவ்வளவு தாங்கும் என்று சோதித்து வருகிறது. அந்த வரைபடங்களில் எது குறிக்கப்பட்டது, எது விடுபட்டது, அந்தச் சோதனைகள் எதை அளந்தன, எதை அளக்கவில்லை என்று பார்ப்போம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையே இதற்கு எடுத்துக்கொள்கிறோம். பல்லாவரமும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

கப்பி உடைத்த கைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் மெக்கடம் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். பெரிய கற்களை அடுக்காமல், சிறு துண்டுகளாக உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கினால் சாலை தாங்கும் என்றார். எந்தத் துண்டும் ஆறு அவுன்ஸ் எடைக்கு மேல், அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உட்கார்ந்தபடி சிறு சுத்தியலால் உடைக்கலாம் என்பதால் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் இந்த வேலைக்கு வைக்கப்பட்டார்கள். மலிவான உழைப்பு கிடைத்தால்தான் மெக்கடம் சாலை மலிவாக முடியும். நம் ஊரில் அது கப்பி ரோடு ஆனது.

இங்கே மலிவான உழைப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. சாதி அதைத் தயாராக வைத்திருந்தது. பரம்பரையாக மண்ணும் கல்லும் வெட்டிய ஒட்டர்களும், சொந்த நிலம் மறுக்கப்பட்டுப் பண்ணையில் கட்டுண்டிருந்த சேரி மக்களும் இருந்தார்கள். பஞ்சம் வந்தபோது இந்த உழைப்பு இன்னும் மலிவானது. 1876-78 பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலை என்பது பெரும்பாலும் மண் வெட்டுவதும் சாலைக்குக் கல் உடைப்பதும்தான். 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் அந்தக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம் என்ற கணக்குக்குக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உடல் உழைப்பு செய்யும் மனிதனுக்கு இது போதாது என்று எதிர்த்தார். ஒரு மனிதன் எவ்வளவு குறைந்த உணவில் கல் உடைக்க முடியும் என்று ஓர் அரசு சோதித்துப் பார்த்தது. சாலைப் பொருள் பற்றிய சோதனைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதையும் அதில் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இப்படி உடைத்துப் போட்ட சாலையில் நடக்கும் உரிமையும் இருக்கவில்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்கான போராட்டம் தொடங்கியது. சாலை பொதுப் பணத்தில் போட்டது, பொது நிலத்தில் போட்டது. அதில் நடப்பதற்கும் தனியாக ஒரு தீர்மானம் தேவைப்பட்டது.

கல்லுக்கு எத்தனை சோதனை

1927இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் இந்தியச் சாலை வளர்ச்சிக் குழு அமைந்தது. 1932 பூனா ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் நாம் சந்திக்கும் அதே ஜெயகர்தான். அவரது குழுவின் பரிந்துரைகளின் வழியாக 1929இல் மத்திய சாலை நிதியும், 1934இல் இந்தியச் சாலைக் காங்கிரசும் வந்தன. மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையம் 1952இல் டெல்லியில் திறக்கப்பட்டது. நம் ஊரில் கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இவர்கள் செய்யும் சோதனைகளை இளைஞர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பொறியியல் படிப்பவர்களுக்கு இது பாடம், மற்றவர்களுக்கு ஒரு கருவி. ஜல்லியை இரும்பு உருண்டைகளோடு ஒரு உருளையில் போட்டு 500 சுற்று சுற்றி, எவ்வளவு தேய்ந்து தூளானது என்று பார்ப்பது லாஸ் ஏஞ்சலஸ் தேய்மானச் சோதனை. சுமார் 14 கிலோ எடையுள்ள சுத்தியலை 38 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 15 முறை விழவிட்டு, எவ்வளவு நொறுங்கியது என்று பார்ப்பது மோதல் சோதனை. தட்டையான கல் எத்தனை, நீண்ட கல் எத்தனை என்று பிரித்து எடுப்பது இன்னொன்று. சரளையை அச்சில் இறுக்கி, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து, அதில் ஒரு உருளைக் கம்பியை அழுத்தி அதன் தாங்கும் திறனைப் பார்ப்பது சி.பி.ஆர். சோதனை. கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் உருவானதால் அந்தப் பெயர். சரளையில் களிமண் மிகுந்தால் மழையில் சாலை குழையும் என்பதால் அதன் பிசுபிசுப்புக்கும் ஒரு வரம்பு உண்டு.

இந்தச் சோதனைகள் தேவையானவை. நமது காலனிக்குப் போட்ட சாலை ஒரே மழையில் பெயர்ந்தால், இந்த எண்களைக் கேட்டு வாங்குகிற உரிமை நமக்கு இருக்கிறது. நாங்கள் சுட்டுவது வேறொன்றை. கல் எத்தனை அடி தாங்கும் என்று கணக்கிருக்கிறது. அந்தக் கல்லை உடைத்து, கிரஷர் தூசியை மூச்சில் இழுத்தவரின் நுரையீரல் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

சாலை ஆராய்ச்சி நிலையம் திறந்த அதே 1952இல்தான் சுரங்கச் சட்டமும் வந்தது. தொழிலாளியின் வேலை நேரம், பாதுகாப்பு, மருத்துவம் எல்லாம் அதில் இருந்தன. சிலிகோசிஸ் அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நோயாக இருந்தது. ஆனால் அதன் மூன்றாவது பிரிவைப் படியுங்கள். சரளை, சாதாரண மணல், களிமண், கட்டடக் கல், சாலை ஜல்லிக் கல் முதலியவற்றை எடுக்கும் திறந்தவெளிக் குழி ஆறு மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல், எந்த ஒரு நாளிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யாமல், வெடி வைக்காமல் இருந்தால், ஒரு சில பிரிவுகள் தவிர இந்தச் சட்டம் அங்கே பொருந்தவில்லை. ஊருக்கு ஊர் இருக்கும் கிராவல் குழிகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை குழிகள் இந்த ஓட்டை வழியாக வெளியே போயிருக்கும்!

பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய ஒரு கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக ஏற்று 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வெடி வைத்து உடைக்கும் குவாரி இந்த விலக்கின் கீழ் தப்ப முடியாது என்பது அந்தத் தீர்ப்பில் தெளிவானது. குடிநீர், குறைந்தபட்சக் கூலி, தூசிக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் உத்தரவு வந்தது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1976இல், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. இன்றும் கல்குவாரிகளிலிருந்து முன்பணக் கடனுக்காகக் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்படுகின்றன. மீட்கப்படுவோரில் நம் மக்களும் பழங்குடியினருமே மிகுதி.

குழி ஏன் நம் பக்கமே வருகிறது

சாலை மதிப்பீட்டில் 'லீடு' என்று ஒரு சொல் உண்டு. குவாரியிலிருந்து வேலை நடக்கும் இடம் வரையுள்ள தூரம் அது. கல்லும் சரளையும் எடை கூடியவை, விலை குறைந்தவை. அவற்றின் செலவில் பெரும் பகுதி வண்டிக் கூலி. அதனால் பொறியாளர் சாலையின் இரு பக்கமும் எங்கெங்கே பாறை, எங்கே சரளை மேடு, எங்கே ஆற்று மணல் என்று குறித்து வைப்பார். தரத்தில் தேறியவற்றுள் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பார். மாட்டு வண்டிக் காலத்திலும் டிப்பர் லாரிக் காலத்திலும் இதே கணக்குதான்.

அடுத்த கணக்கு, யாருடைய நிலம் என்பது. பட்டா நிலத்தில் தோண்டினால் உடையவனுக்குப் பணம் தர வேண்டும். அவனுக்கு வழக்குப் போடவும் தெரியும். புறம்போக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஊரின் நன்செய் வாய்க்கால் ஓரத்தில் இருக்கும். மேய்ச்சல் மேடு, கரடு, ஏரி உள்வாய், சுடுகாடு ஆகியவற்றை ஒட்டித்தான் பெரும்பாலும் சேரி தள்ளி வைக்கப்பட்டது. செம்மண்ணும் சரளையும் கிடைப்பது அந்த மேட்டில்தான். வரைபடம் போட்ட பொறியாளரின் மனதில் சாதி இருந்ததா என்று நாம் ஆராய வேண்டியதில்லை. நிலத்தைச் சாதி முன்பே பங்கு போட்டிருந்ததால், தூரத்தையும் செலவையும் மட்டும் பார்த்துப் போட்ட வரைபடமும் சேரியின் வாசலிலேயே வந்து நின்றது.

செங்கல்பட்டின் இன்னொரு வரலாறு இங்கேதான் வந்து சேர்கிறது. 1891இல் அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலமின்மையே அடிமைத்தனத்தின் வேர் என்று அது காட்டியது. 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010, 1010ஏ எண் அரசாணைகள் வந்தன. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இதிலிருந்து தொடங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. கிடைத்தது பெரும்பாலும் தரிசு. தண்ணீர் ஏறாத மேடு, கல் கலந்த மண். உழவுக்கு உதவாது என்றுதான் அது நம் கைக்கு வந்தது. நெடுஞ்சாலையும் வீட்டு மனையும் பெருகியபோது அதே மேடு லாரி லாரியாக விற்கும் கிராவல் ஆனது.

நிலத்தை அபகரித்தால் பத்திரத்தை ரத்து செய்து மீட்கலாம். தோண்டி விற்ற நிலத்தை எப்படி மீட்பது? பட்டா திரும்பி வரும், அடியில் இருந்த மண் வராது. 1994 அக்டோபர் 10ஆம் நாள் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்கள் உயிர் கொடுத்துக் கேட்டது நிலத்தை. இன்னும் பத்து ஆண்டு கழித்து நமக்கு மிஞ்சப் போவது தண்ணீர் தேங்கிய பள்ளமாக இருந்துவிடக் கூடாது.

இன்றைய வரைபடம்

மணல், சரளை, கட்டடக் கல் எல்லாம் 1957 சட்டப்படி சிறு கனிமங்கள். அவற்றுக்கு விதி போடும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. தமிழ்நாட்டில் 1959 விதிகள் அதற்காக வந்தவை. 2012இல் தீபக் குமார் வழக்கில், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் தொடர்ந்து 2016 ஜனவரி 15 அறிவிக்கை, மாவட்ட ஆய்வறிக்கை என்ற ஒன்றைக் கட்டாயமாக்கியது. மாவட்டத்தில் எங்கே மணல், எங்கே சரளை, எவ்வளவு எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது என்று சொல்லும் ஆவணம் அது. அது இல்லாமல் குத்தகை விடுவதை 2021இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்டித்தது.

அந்த அறிக்கையின் படிவத்தில் நிலவியல் உண்டு, மழையளவு உண்டு, குத்தகைதாரர் பட்டியல் உண்டு, அரசுக்கு வந்த வருவாயும் உண்டு. எந்தச் சர்வே எண் பஞ்சமி நிலம், குழியிலிருந்து சேரி எவ்வளவு தூரம், சுடுகாட்டுப் பாதை எது என்று கேட்கும் தலைப்பு இல்லை. கேட்காததால் யாரும் எழுதுவதுமில்லை.

ஆனால் ஒரு வாசல் இருக்கிறது. வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் வைத்து, மாவட்ட இணையதளத்திலும் போட்டு, 21 நாள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. இந்த 21 நாளை நாம் விட்டுக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் நாலு மாணவர்கள் சேர்ந்தால் போதும். குவாரி சர்வே எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் யூ.டி.ஆர். பதிவுக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் 'அ' பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். புலப்படத்தை வைத்து ஒப்பிடுங்கள். பஞ்சமி நிலம் அகப்பட்டால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதியினரின் நிலத்தைப் பறிப்பதும் அவர்கள் நிலம், நீர் மீதான உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பதும் குற்றம். குழியில் வேலை செய்பவர்களிடம் ஆழம் எத்தனை, ஆள் எத்தனை, வெடி உண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 1952 சுரங்கச் சட்டம் அவர்களுக்கு உண்டா இல்லையா என்பதை முடிவு செய்தவை அந்த மூன்று பதில்கள்தான்.

பல்லாவரம் பகுதிப் பாறைக்கு 1890களில் தாமஸ் ஹாலண்ட் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்டது இந்தக் கல் என்பதால் அந்தப் பெயர். அதைப் பிளந்து எடுத்தவர்கள் பெயர் எந்தப் பாறைக்கும் இல்லை. அதை நாம் இனி மாற்ற முடியாது. இந்த ஆண்டு உங்கள் மாவட்டத்தின் வரைவு அறிக்கை வரும்போது, அதில் உங்கள் சேரியின் பெயரை எழுத வைக்க முடியும்.