கோப்புப் பெயர் விதிகள்

கணினிச் சேமிப்பகத்தில் ஒரு கோப்புக்கு இடும் பெயரில் எந்தெந்த எழுத்துகள் வரலாம், பெயர் எவ்வளவு நீளலாம், அதைக் கட்டளை வரியில் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று வகுக்கும் மரபுகள். நீள வரம்புகள் பெரும்பாலும் அந்தந்தக் காலக் கணினி தரவைச் சேமித்த முறையையொட்டி அமைந்தவை. எழுத்துத் தடைகள் வேறு காரணத்தால் வந்தவை: பெயரும் கட்டளையும் ஒரே வரியில் தட்டப்படுவதால், கட்டளைக்கென ஒதுக்கிய குறி பெயருக்குள் வந்தால் குழப்பம் நேரும்.

தொடக்கக் காலம்

1961இல் எம்ஐடியில் இயக்கிக் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் அமைப்பில் கோப்புப் பெயருக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்துகள். அது ஓடிய ஐபிஎம் கணினி 36 பிட்களை ஓர் அலகாகக் கையாண்டது. 6 பிட் எழுத்துகள் ஆறு அதில் சரியாக அடங்கின. பெல் ஆய்வகத்தில் 1969இல் தொடங்கிய யுனிக்ஸில் அடைவின் ஒவ்வொரு பதிவும் பின்னாளில் 16 பைட்டாக இருந்தது. கோப்பின் எண்ணுக்கு 2 பைட் போக, பெயருக்குக் கிடைத்தது 14. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்னும் யுனிக்ஸ் வகை இதை 255 ஆக உயர்த்தியது. யுனிக்ஸ் விலக்கியவை இரண்டே: அடைவுகளைப் பிரிக்கும் / குறியும், பெயரின் முடிவைக் காட்டும் சுழிப் பைட்டும்.

இந்தத் தாராளத்தில் ஆபத்தும் உண்டு. * என்றே ஒரு கோப்புக்குப் பெயரிடலாம். அழிக்கும் கட்டளையில் அதை மேற்கோள் குறிக்குள் அடைக்காவிட்டால், கட்டளைகளை ஏற்கும் ஷெல் நிரல் * குறியை அடைவில் புள்ளியில் தொடங்காத எல்லாப் பெயர்களாகவும் விரித்துவிடும். சிறுகோட்டில் தொடங்கும் பெயரைக் கட்டளை ஒரு விருப்பத்தேர்வாக எடுத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கப் பெயருக்கு முன் ./ சேர்ப்பது வழக்கம்.

டாஸும் பின்சாய்கோடும்

கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளம், பெயருக்கு எட்டு எழுத்தும் வகைக்கு மூன்று எழுத்தும் வைத்தது. 1981இல் வந்த எம்எஸ்-டாஸ் இந்த 8.3 முறையை ஏற்றது. 1983இல் டாஸ் 2.0 அடைவுகளைச் சேர்த்தபோது, / குறி ஏற்கெனவே விருப்பத்தேர்வுகளுக்குப் பயன்பட்டுவந்ததால் \ பிரிகுறியானது. ஜப்பானில் இது சிக்கலைக் கிளப்பியது. ஷிஃப்ட்-ஜேஐஎஸ் குறியாக்கத்தில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட்டும் \ குறியின் மதிப்பும் ஒன்றே. அதை அறியாத நிரல்கள் பெயரை நடுவில் வெட்டின.

விண்டோஸ் 95 பெயர் நீளத்தை 255 ஆக்கினாலும், பழைய நிரல்களுக்காக ~1 போன்ற ஒட்டுடன் குறும்பெயரையும் வைத்துக்கொண்டது. < > : " / \ | ? * என்னும் ஒன்பது குறிகள் விண்டோஸில் இன்றும் விலக்கப்பட்டவை.

யூனிகோடு

1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 குறியாக்கத்துக்குக் கோப்புப் பெயரும் ஒரு காரணம். அதற்கு முந்தைய முறையொன்றில் பிற எழுத்துகளின் பைட்களுக்கிடையே / மதிப்பு வர முடிந்தது. யுடிஎஃப்-8இல் பல பைட் எழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் குறையாது. அதனால் யுனிக்ஸின் கோப்பு முறைமையை மாற்றாமலே உலக மொழிகள் அதில் நுழைந்தன.

தமிழில் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட் பிடிப்பதால், 255 பைட் வரம்பில் 85 குறியெண்களே அடங்கும். 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்த்தும் எழுதலாம், எகரக் குறி, துணைக்கால் என இரண்டாகச் சேர்த்தும் எழுதலாம். இவற்றை ஒன்றாகக் கருதாத கோப்பு முறைமையில், பார்வைக்கு ஒரே பெயருள்ள இரு கோப்புகள் அருகருகே இருக்க முடியும்.

சேமிப்பக மேலாண்மை மென்பொருள்கள்

பல இயங்குதளங்களின் கோப்புகளை ஒருங்கே காக்கும் மென்பொருள்கள் தமக்கென விதிகள் வகுத்தன. முன்பு டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் எனப்பட்ட ஐபிஎம் மென்பொருளில் கட்டளைச் சொற்களைப் பெரிய எழுத்திலோ சிறிய எழுத்திலோ தட்டலாம், சுருக்கியும் எழுதலாம்; நீண்ட கட்டளையை வரியின் இறுதியில் - அல்லது \ இட்டு அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். 2006இல் தொடங்கிய அமேசான் எஸ்3 சேவையில் பக்கெட் என்னும் கொள்கலனின் பெயர் இணைய முகவரியில் இடம்பெறுவதால், 3 முதல் 63 வரையான சிறிய ஆங்கில எழுத்து, இலக்கம், புள்ளி, சிறுகோடு ஆகியவற்றுக்கே இடம். பக்கெட்டுக்குள் உள்ள பொருளின் பெயரோ 1,024 பைட் வரை யுடிஎஃப்-8இல் அமையலாம்.

எல்லா அமைப்புகளிலும் செல்லத்தக்கவையாக, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் பரிந்துரைப்பவை 65 குறிகளே: ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள், இலக்கங்கள், புள்ளி, அடிக்கோடு, சிறுகோடு. சிறுகோடு பெயரின் முதலில் வரலாகாது.