பேறுகால விடுப்பும் கர்ப்பகால நோயும்

இந்தியாவின் முதல் பேறுகாலச் சட்டம் 1929-இல் பம்பாய் மாகாணத்தில் வந்தது. முந்தைய ஆண்டே அம்மாகாணச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசியிருந்தார். சென்னை மாகாணம் 1934-இல் தனிச் சட்டம் இயற்றியது. 1948-இன் இ.எஸ்.ஐ. சட்டம் நோய்க்கால உதவித்தொகையையும் பேறுகால உதவித்தொகையையும் ஒரே காப்பீட்டின்கீழ்க் கொண்டுவந்தது.

1961-இன் மகப்பேறு நலச் சட்டம் 12 வார ஊதிய விடுப்பு அளித்தது. கர்ப்பத்தாலோ குறைப்பிரசவத்தாலோ நோயுற்றவர் உரிய சான்று காட்டினால் மேலும் ஒரு மாதம் ஊதியத்துடன் விடுப்பு பெறலாம். கருச்சிதைவுக்கு 6 வாரம். இவ்விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம்.

தகுதிக்கான வேலைநாள்களை 1988-இன் திருத்தம் 160-இலிருந்து 80 ஆகக் குறைத்தது. 2017-இன் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. நோய்க்கான கூடுதல் விடுப்போ ஒரு மாதமாகவே நின்றது.