காரைக்கால் மண்ணின் நகை: கே.ஏ.தங்கவேலுவும் அன்றாட வாழ்வும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுக்கும்போது நகைக்கே முதலிடம் தருகிறார். அழுகையும் பெருமிதமும் அதற்குப் பின்னர்தான் வருகின்றன. ஆயினும் நம் இலக்கிய வரலாறுகளைப் புரட்டிப் பார்த்தால், நகைச்சுவைக்குக் கிடைத்த பக்கங்கள் மிகச் சில. நாடக வரலாற்றிலும் இதே நிலைதான். இராஜபார்ட் நடிகர்களின் புகழ் விரிவாகப் பதிவாயிற்று. அதே மேடையில் மக்களைச் சிரிக்க வைத்தவர்கள் ஓரிரு வரிகளில் முடிந்து போயினர். பத்தாண்டுகளாகக் கவிதையைப் பேசிவரும் நம் வட்டத்தின் மலரில், காரைக்கால் மண் தமிழுலகுக்கு அளித்த ஒரு நகைச்சுவைக் கலைஞரை நினைவுகூர்வது இக்குறையைச் சிறிதேனும் ஈடுசெய்யும் என்பது என் நம்பிக்கை. அவர் கே.ஏ.தங்கவேலு. அவர் பெயரின் முதலெழுத்து காரைக்காலையே குறிக்கிறது.

நகைக்கு இப்பகுதி புதியதன்று. காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே உள்ள திருமலைராயன்பட்டினத்தில்தான், பதினைந்தாம் நூற்றாண்டில், கவி காளமேகம் அதிமதுரகவியோடும் அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களோடும் வாதிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மடைப்பள்ளியில் பணிசெய்த ஒருவர், பல்லக்கில் ஏறிய புலவர் கூட்டத்தைத் தம் சிலேடையாலும் வசையாலும் தலைகுனிய வைத்தார் என்பதே அக்கதையின் சுவை. தமக்கு உரிய மதிப்பைத் தராத ஊர் மண்மாரியால் அழியுமாறு அவர் பாடினார் என்று கதை முடிகிறது. ஆக, இக்கடற்கரையின் பழைய நகை எள்ளலின் பாற்பட்டது, எதிரியைச் சுட்டெரிப்பது.

தங்கவேலுவின் நகை இதற்கு நேர்மாறானது. அவர் சிரிக்க வைத்தது தம்மைப் பார்த்து. சொல்லில் விளையாடும் கூர்மை இருவருக்கும் பொது. அக்கூர்மையின் முனை யார் பக்கம் திரும்பியது என்பதில்தான் வேறுபாடு.

அவர் பிறந்தது 1917 ஜனவரி 15. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1739-ஆம் ஆண்டு முதல், இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர் அது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. கொடி எதுவாயினும் மொழியும் கூத்தும் நாடகமும் சுற்றியிருந்த தஞ்சைத் தரணியினுடையவையே. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் தழைத்த பாலர் நாடக சபைகள், வறிய குடும்பத்துச் சிறுவர்களுக்குச் சோறும் கலையும் ஒருங்கே அளித்த நாள்கள் அவை. தங்கவேலுவும் சிறுவயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பின்னாளில் சிவாஜி கணேசன் பயின்றதும் அவரிடமே.

பாலர் சபையின் பயிற்சி கடுமையானது. பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்யவேண்டும். பெண் வேடமாயினும் கிழவன் வேடமாயினும் கொடுத்ததைக் கட்டவேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரர் காதிலும் சொல் விழவேண்டும். தங்கவேலுவின் உச்சரிப்பில் ஓர் எழுத்தும் தேயாமல் நின்றதற்கும், இளமையிலேயே முதியவர் வேடங்களில் அவர் பொருந்தியதற்கும் அப்பயிற்சியே காரணம் எனலாம்.

1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'சதி லீலாவதி' வெளிவந்தது. எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதை அது. எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா ஆகியோருடன் தங்கவேலுவும் அப்படத்தில்தான் திரையில் முதன்முதலாகத் தோன்றினார். ஆனால் புகழ் உடனே வரவில்லை. 1951-இல் 'சிங்காரி' வரும்வரை பதினைந்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அப்படத்தில் அவர் அடிக்கடி சொன்ன 'டணால்' என்ற ஒலிக்குறிப்பே அவருக்கு அடைமொழியாயிற்று. பொருளற்ற ஓர் ஒலியை, சொல்லும் வேளையாலும் விதத்தாலும் ஊரெங்கும் ஒலிக்கச் செய்தார் அவர்.

அதன்பின் வாய்ப்புகள் பெருகின. 1955-இல் எல்.வி.பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸியம்மா'வின் தெலுங்கு வடிவில் நாகேஸ்வரராவ் ஏற்ற துப்பறிவாளர் வேடத்தைத் தமிழில் ஏற்றவர் தங்கவேலு. 1956-இல் 'ரம்பையின் காதல்' படத்தில் பானுமதிக்கு நாயகனாகவும் நடித்தார். 1957-இல் 'மாயா பஜார்' படத்தில் துரியோதனன் மகன் இலக்கண குமாரன் ஆனார். எனினும் அவருடைய உண்மையான அரங்கம் அரண்மனையன்று. நடுத்தரக் குடும்பத்தின் கூடமும் அடுக்களையுமே.

இதற்குச் சிறந்த சான்று 1959-இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு'. வேலையில்லாத சம்பத், தான் மன்னார் அண்ட் கம்பெனியில் மேனேஜர் என்று மனைவியையும் மாமனாரையும் நம்பவைக்கிறான். பின்னர், பைரவன் என்ற புகழ்பெற்ற எழுத்தாளன் தானேதான் என்றும் சொல்லிக்கொள்கிறான். மனைவியாக நடித்தவர் எம்.சரோஜா, தங்கவேலு அவரையே வாழ்க்கைத் துணையாகவும் ஏற்றார். படம் வந்து அறுபதாண்டுகளுக்கு மேலாகியும், பெயர்ப்பலகை மட்டுமே உள்ள நிறுவனத்துக்குத் தமிழர் வைக்கும் பெயர் மன்னார் கம்பெனி. ஒரு நகைச்சுவைக் காட்சி மொழிக்கு ஒரு மரபுத்தொடரையே தந்துவிட்டது. எத்தனை கவிஞர்களுக்கு இப்பேறு வாய்க்கும்?

அக்காட்சிகளில் நாம் எதைக் கண்டு சிரிக்கிறோம்? சம்பத் பொய் சொல்வது பேராசையால் அன்று, வெட்கத்தால். படித்தவனுக்கு வேலை கிடைப்பது அரிதாயிருந்த காலம். 'மிஸ்ஸியம்மா'வின் கதையே, வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிக்கொள்ளும் இருவரைப் பற்றியது அல்லவா? சம்பாதிக்காத ஆண்மகன் மாமனார் முன் நிமிர்ந்து நிற்க இயலாத ஒரு சமூகத்தில், மேனேஜர் என்ற சொல் அவனுக்கு ஒரு மேல்துண்டைப் போல. அது நழுவும்போதெல்லாம் அவன் இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். தங்கவேலுவின் குரலில் மிடுக்கும் நடுக்கமும் ஒருசேர ஒலிப்பதைக் கேட்டால் இது விளங்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. அப்படத்தின் முதன்மைக் கதையும் மறைப்பைப் பற்றியதே. தங்கை வசந்தி தன் காதலை அக்காளிடம் மறைக்கிறாள். பாஸ்கர் மனைவியிடம் மறைக்கிறான். அங்கே மறைப்பு கண்ணீரில் முடிகிறது. சம்பத்தின் வீட்டில் அதே மறைப்பு சிரிப்பில் முடிகிறது. சிரிப்புக் காட்சிகளைத் தனியே எடுத்துப் படத்தில் ஒட்டும் வழக்கம் மிகுந்திருந்த நாளில், ஒரே பொருளின் இரு பக்கங்களாக அவற்றை ஸ்ரீதர் அமைத்ததும், அதனைத் தங்கவேலு உணர்ந்து நடித்ததும் நாடக நுட்பம் அறிந்தோர் போற்றத்தக்கவை.

பைரவன் காட்சியில் எழுதுவோராகிய நமக்கு ஒரு குட்டும் உண்டு. எழுத்தைப் படிக்காமல் எழுத்தாளன் பெயரை மட்டும் வணங்கும் வீட்டில்தான் சம்பத்தின் பொய் செல்லுபடியாகிறது. பைரவனின் கதைகளை ஊன்றிப் படித்து இரண்டு கேள்வி கேட்கும் ஒருவர் அங்கே இருந்திருந்தால், அந்தப் பொய் ஒருநாள்கூட நின்றிராது.

1963-இல் வந்த 'அறிவாளி' படத்தில் பூரி சுடும் காட்சி இன்னொரு மணி. கணவன் பூரி செய்யும் முறையை ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, மனைவியாக வரும் டி.பி.முத்துலட்சுமி ஒவ்வொன்றும் தனக்குத் தெரியும் என்றே பதில் சொல்லி வருவார். அங்கே பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. அடுப்பு, மாவு, எண்ணெய், இரண்டு மனிதர்கள்; அவ்வளவே. பொறுமை நூலிழையாய்த் தேய்ந்துவருவதைத் தங்கவேலு குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே காட்டினார். காரைக்காலின் பெருங்கதையாகிய அம்மையார் வரலாறும் ஒரு கணவன் மனைவியின் உணவுவேளையில்தான் திருப்பம் கொள்கிறது. அது தெய்வக்கதை, இது அடுக்களைக் கதை. இரண்டையும் ஒப்பிடல் தகாது. ஆனால் வீட்டு உணவுவேளையில் ஒரு கதைக்குப் போதிய பொருள் உண்டு என்பதை இந்த ஊர் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது.

நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் சொல்பவை நான்கு: பிறரை எள்ளுதல், இளமையின் விளையாட்டு, பேதைமை, மடன். அறியாமையைப் பேதைமை என்றும், பிறர் புகட்டியதை ஏற்று விடாமல் பற்றிக்கொள்வதை மடன் என்றும் உரைமரபு விளக்கும். காளமேகம் முதலாவதில் வல்லவர். தங்கவேலு பின்னிரண்டில் வாழ்ந்தவர். தெரியாததைத் தெரியும் என்னும் மனைவி பேதைமைக்கும், மருமகன் சொன்னதை அப்படியே நம்பும் மாமனார் மடனுக்கும் இலக்கியம் ஆவர். இவ்விரண்டிலும் பகை இல்லை. ஆகவே அச்சிரிப்பில் காயமும் இல்லை. நிறத்தையும் உடலையும் ஊனத்தையும் பழித்துச் சிரிக்க வைக்கும் பழக்கம் பெருகிவிட்ட பிறகு பார்க்கும்போது இதன் அருமை நன்கு புலப்படுகிறது.

1994 செப்டம்பர் 28-இல் தங்கவேலு மறைந்தார். அவருடைய திரைக்காட்சிகள் எஞ்சியுள்ளன. பாலர் சபைகளின் பபூன்கள் ஊர்தோறும், இரவுதோறும் புதிதாகச் சொன்ன நகைகளோ பெரும்பாலும் அந்தந்தக் கொட்டகையோடு போயின. அவற்றைக் கேட்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் காரைக்காலிலும் நாகையிலும் மாயூரத்திலும் இன்னும் இருக்கிறார்கள். வரும் ஆண்டுகளில் நம் வட்டத்தின் கூட்டங்களுள் ஒன்றையேனும் நகைச்சுவைக்கென்று ஒதுக்கி, அம்முதியோரை அழைத்து, அவர்கள் நினைவில் உள்ளவற்றை எழுதி வைத்தல் வேண்டும். அடுத்த பத்தாண்டு மலரில் அத்தொகுப்புக்குச் சில பக்கங்கள் கிடைக்குமாயின், அது காரைக்கால் தங்கவேலுவுக்கும் பெயர் தெரியாத அவர் தோழர்களுக்கும் நாம் செய்யும் தக்க மரியாதையாகும்.