காப்பகம் மட்டும் போதாது: விலங்கு நலத் தொண்டு அமைப்புகள் செய்வது என்ன?

இறுதி யுத்தத்தின்போது வன்னியில் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள், ஊரை விட்டுப் புறப்படும் முன்னர் பட்டியில் நின்ற மாடுகளை அவிழ்த்து விட்டன. கட்டில் நின்றால் பட்டினியில் செத்துவிடும், அவிழ்த்து விட்டால் எங்காவது மேய்ந்து பிழைக்கும் என்பதே அவர்களது எண்ணம். வளர்த்த நாய்கள் வளவிலேயே நின்றுவிட்டன. மீள்குடியேறித் திரும்பியவர்களில் சிலருக்குக் குறிசுட்ட மாடுகள் கிடைத்தன. பலருக்குக் கிடைக்கவில்லை. ஆளில்லாத காணிகளில் பெருகிய நாய்களும் உரிமையாளர் இல்லாத மாடுகளும் பின்னர் 'கட்டாக்காலி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின.

கண்ணிவெடிகளும் மனிதர் வேறு, விலங்கு வேறு என்று பார்க்கவில்லை. மேய்ச்சலுக்குப் போன மாடுகளும் காட்டு விலங்குகளும் அவற்றில் சிக்கின. கண்ணிவெடியில் ஒரு காலின் பாதத்தை இழந்த சாமா என்ற பெண் யானை, பின்னவல யானைகள் காப்பகத்தில் மூன்று கால்களால் நடந்து பழகி வளர்ந்தது.

"மனிசருக்கே இன்னும் விடிவில்லை, நாய்க்கும் மாட்டுக்கும் என்ன அவசரம்?" என்ற கேள்வி எங்கள் மத்தியில் அடிக்கடி எழுகிறது. காணாமல் ஆக்கப்பட்டோருக்கும் காணிகளுக்கும் பதில் கிடைக்காத சமூகத்தில் இக்கேள்வி எழுவது இயல்பு. ஆனால் விலங்கு நல அமைப்புகளின் வேலையில் பெரும் பகுதி மனித உயிரையும் காக்கிறது. அதை விளங்கிக்கொள்ள விசர்நாய்க்கடி நோயிலிருந்து தொடங்க வேண்டும்.

விசர் நோயும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும்

மனிதருக்கு ஏற்படும் விசர்நாய்க்கடி நோயில் 99 வீதம் வரை நாய்கள் மூலமே பரவுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறிகள் தொடங்கிவிட்டால் ஏறத்தாழ எல்லா நோயாளர்களும் இறக்கின்றனர். உலகளவில் கடிபடுவோரிலும் இறப்போரிலும் கணிசமான பங்கினர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள். நாயோடு விளையாடுவதும், கடிபட்டால் அடிவிழும் என்ற பயத்தில் வீட்டில் சொல்லாமல் விடுவதும் அவர்களே.

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் உயிரிழந்தனர். பிந்திய ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை 20 முதல் 30 வரை குறைந்தது. நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகத் தடுப்பூசி கிடைத்ததும் இதற்கு முக்கிய காரணங்கள். இந்தப் பணியின் பெரும் சுமை அரச சுகாதாரத் துறையின் தலையிலேயே இருக்கிறது. ஆனால் உரிமையாளர் இல்லாத நாய்களைப் பிடித்துத் தடுப்பூசி போடுவது அத்துறையால் தனித்து முடிகிற காரியமல்ல. தொண்டு அமைப்புகள் தேவைப்படுவது அங்கேதான்.

கொல்வது ஏன் பலனளிக்கவில்லை?

முன்னர் உள்ளூராட்சி சபைகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றன. 2006இல் அரசாங்கம் கொல்லாக் கொள்கையை அறிவித்தது. நாய்த்தொல்லை அதிகரிக்கும்போதெல்லாம் பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த முறை பலன் தராததற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன.

சந்தைக் கழிவும் உணவுக்கடைக் குப்பையும் இருக்கும் இடத்தில் இருந்த நாய்களை அகற்றினால், அந்த இடத்துக்குப் பக்கத்து ஊர் நாய்கள் வந்துவிடும். எஞ்சிய நாய்களின் குட்டிகளும் கூடுதலாகத் தப்பிப் பிழைக்கும். பெட்டை நாய் ஒன்று சுமார் 63 நாட்களில் குட்டி ஈனும். ஆண்டுக்கு இரண்டு தடவை ஈனவும் கூடும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இலகுவாகக் கையில் அகப்படுவது மனிதரோடு பழகிய, ஏற்கெனவே தடுப்பூசி போடப்பட்ட நாய்தான். அதைக் கொன்றுவிட்டால் ஊரின் நோய்த்தடுப்புத்தான் குறைகிறது.

இதற்கு மாற்றான முறை பிடித்தல், கருத்தடை சத்திரசிகிச்சை, தடுப்பூசி, அதே இடத்தில் திரும்ப விடுதல் என்ற நான்கு படிகளைக் கொண்டது. சிகிச்சை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு அடையாளம் இடுவதுண்டு, அல்லது கழுத்துப்பட்டி கட்டுவதுண்டு. ஓர் ஊரின் நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய்ச்சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் பின்பற்றும் அளவு. ஆனால் தெருநாயின் ஆயுள் குறுகியது. ஆண்டுதோறும் தடுப்பூசி போடாத புதிய குட்டிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். கருத்தடை செய்தால் அந்த வரவு குறையும், எட்டிய 70 வீதமும் நிலைக்கும். தடுப்பூசியும் கருத்தடையும் ஒன்றாகச் செய்யப்பட வேண்டும் என்பது இதனால்தான்.

இது கொழும்பில் செயலில் காட்டப்பட்டது. 2007 முதல் கொழும்பு மாநகர சபையும், புளூ போ அறக்கட்டளை என்ற உள்ளூர் அமைப்பும், சர்வதேச விலங்குப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் சேர்ந்து தடுப்பூசி, கருத்தடை, பொதுமக்கள் அறிவூட்டல் ஆகியவற்றை ஒரே திட்டமாக மேற்கொண்டன. அந்நகரில் 2001இல் 43 ஆக இருந்த நாய்களின் விசர் நோய்ச் சம்பவங்கள், 2011இல் 2 ஆகக் குறைந்தன.

வடக்கில் நடப்பவை

வடக்கில் அதிகம் அறியப்பட்ட முயற்சி இயக்கச்சியில் உள்ள சிவபூமி நாய்கள் சரணாலயம். ஆறு. திருமுருகன் தலைமையிலான சிவபூமி அறக்கட்டளை, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பாடசாலை, முதியோர் இல்லம் ஆகியவற்றோடு இதனையும் நடத்தி வருகிறது. கைவிடப்பட்ட பிள்ளையையும் முதியவரையும் நாயையும் ஒரே அறப்பணியின் கீழ் கொண்டுவந்த இந்த ஒழுங்கு, 'மனிதருக்கா விலங்குக்கா' என்ற கேள்விக்கே ஒரு பதிலாக அமைகிறது.

மன்னாரின் சிக்கல் வேறு. ஒருகாலத்தில் பொதி சுமந்த கழுதைகள், வாகனங்கள் வந்தபின் கைவிடப்பட்டு வீதிகளில் அலைகின்றன. வாகனங்களில் அடிபடுகின்றன, குப்பையோடு பிளாஸ்டிக்கையும் தின்கின்றன. பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு அங்கு கழுதைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றை அமைத்தது. காயப்பட்ட கழுதைகளுக்கு மருந்து கட்டுவதோடு நில்லாமல், விசேட தேவையுடைய சிறுவர்கள் அவற்றோடு பழகவும் அங்கு வழி செய்யப்பட்டது.

இவற்றுக்கு அப்பால், பெயர்ப்பலகை இல்லாமல் வேலை செய்யும் இளைஞர் குழுக்களும் தனிமனிதர்களும் உண்டு. வீதியில் அடிபட்ட நாயை முச்சக்கரவண்டியில் ஏற்றிச் செல்வதும், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும், குட்டிகளுக்கு வீடு தேடுவதும் அவர்களது அன்றாட வேலை.

காப்பகத்தின் எல்லை

காப்பகம் என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் காப்பகம் விரைவில் நிரம்பிவிடும். ஒரு நாய் பத்து வருடத்துக்கு மேல் வாழலாம். அத்தனை காலமும் உணவு, மருந்து, வேலையாள் சம்பளம் தேவை. நெரிசலான இடத்தில் நோய் வேகமாகப் பரவும். வாசலில் இரவோடிரவாகக் குட்டிகளை விட்டுச் செல்வோர் இந்தச் சுமையை மேலும் கூட்டுகிறார்கள்.

வந்து சேரும் குட்டிகளில் பெரும்பாலானவை பெட்டை. கடுவன் குட்டிக்கு வீடு கிடைக்கும். பெட்டைக் குட்டியைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விடுவது எங்கள் ஊர்களின் பழைய வழக்கம். அங்கே தப்பிய குட்டி அடுத்த வருடமே ஈனும். எனவே காப்பகத்துக்கு வெளியே ஊருக்குள் நடக்கும் கருத்தடை முகாமே நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். காப்பகம், தெருவில் வாழவே முடியாத முடமான, முதிய, நோயுற்ற விலங்குகளுக்கானதாக இருந்தால்தான் நீடிக்கும்.

ஆட்பலமும் ஒரு தடை. நாட்டின் மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. வடக்கு கிழக்கில் பணியாற்றும் அரச கால்நடை வைத்தியர்களின் முதன்மைக் கடமை பால்மாடும் ஆடும் கோழியும்தான். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

நூறு ரூபா தண்டம்

விலங்கு வதையைத் தடுக்கும் எமது சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வதைக்கு அது விதித்த உச்ச தண்டப்பணம் நூறு ரூபா. மூன்று மாதம் வரையான சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. வீட்டு விலங்குகளையும் பிடித்து வைக்கப்பட்ட விலங்குகளையுமே அது கருத்திற்கொள்கிறது. இதற்குப் பதிலாக 2006இல் சட்ட ஆணைக்குழு விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைத் தயாரித்தது. 2010இல் அது தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்துக்கு வந்தது. 2016இல் அமைச்சரவை அங்கீகாரமும் கிடைத்தது. அதன் பின்னரும் இழுபறிதான். தண்டம் இவ்வளவு சிறிதாக இருக்கையில், பொலிஸாரிடம் முறையிடப் போகும் தன்னார்வலர் வெறுங்கையோடு திரும்புவது வியப்பல்ல.

நாங்கள் செய்யக்கூடியவை

நாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கடித்தது வீட்டு நாய் அல்லது சிறு குட்டி என்று அலட்சியம் வேண்டாம். வைத்தியர் சொல்லும் எல்லா ஊசிகளையும் முழுமையாகப் போடுங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், முடிந்தால் கட்டிவைத்து 14 நாட்கள் அவதானியுங்கள். கடிபட்டதைச் சொன்னால் அடி விழாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், ஊரில் முகாம் நடக்கும் நாளை அறியலாம். பெட்டைக் குட்டியை வீசுவதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து வளர்க்கலாம்.

உதவி அனுப்பும் புலம்பெயர் உறவுகள் ஒரு கேள்வியை மாற்றிக் கேட்பது நல்லது. "எத்தனை நாய்களை வைத்திருக்கிறீர்கள்?" என்பதைவிட, "இந்த வருடம் எந்த ஊரில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அமைப்பு பதிவு பெற்றதா, மிருக வைத்தியர் பொறுப்பாக இருக்கிறாரா, கணக்குக் காட்டுகிறார்களா என்பதையும் பாருங்கள். இரக்கத்தைத் தூண்டும் ஒரு படத்துக்கு ஒருமுறை அனுப்பும் பணத்தைவிட, ஓர் ஊரின் முகாமுக்கு ஒவ்வொரு வருடமும் வந்து சேரும் சிறு தொகை பெரிய மாற்றத்தைத் தரும். ஒரு வருடம் தவறினாலும் புதிய குட்டிகள் பிறந்துவிடும், 70 வீதம் சரிந்துவிடும். அடுத்த கடி அந்த ஊரின் ஒரு பிள்ளைக்காக இருக்கலாம்.