கைப்பை பிறந்த கதை

தில்லியில் கரோல் பாக், மும்பையில் மாதுங்கா, கொல்கத்தாவில் கரியாஹாட் என நம்மவர் பழகிய கடைவீதிகளில் மாலைப் பொழுதில் செல்லும் தம்பதிகள் எவரையேனும் கவனியுங்கள். கணவருடைய பணம் அவர் சட்டைக்குள் இருக்கிறது. மனைவியின் பணமோ தோளிலிருந்து தொங்கும் பைக்குள் இருக்கிறது. ஆடவர் உடையைத் தைக்கும்போதே பையும் கூட வந்துவிடுகிறது. அதற்குத் தனி விலை கிடையாது. மாதருக்கோ பை என்பது தனிச் சரக்கு. தேடித் திரிந்து, நிறம் ஒத்துப் பார்த்து, வார் அறுமா என்று இழுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கவேண்டிய பொருள் அது. இவ்வேற்றுமை ஏதோ இயற்கை நியதி என்றே பலரும் எண்ணியிருக்கிறோம். ஆயினும் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தின் முக்கியமான திருப்பம் ஒன்றில் நம் நாட்டு நெசவாளியின் கைவண்ணமும் கலந்திருக்கிறது.

முதலில் நம் பாட்டிமாரை நினைவுகூர்வோம். அவர்கள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, இவற்றுக்கெல்லாம் அடியில் நாலாக மடித்த நோட்டு ஒன்று இருக்கும். பை இல்லாதவர்கள் முந்தானை நுனியில் காசை முடிந்துகொண்டார்கள். மோர் விற்றும் முருங்கைக்காய் விற்றும் சேர்த்த சிறுவாட்டுப் பணத்துக்கு அந்த முடிச்சே பெட்டகம். இவ்வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்து இல்லத்தரசி சாவிக்கொத்தை 'ஆஞ்சல்' எனப்படும் முந்தானையின் நுனியில் கட்டித் தோளுக்குப் பின்னால் வீசிக்கொள்வாள். மராட்டியத்தில் வெற்றிலைப் பைக்குச் 'சஞ்சி' என்று பெயர். வடக்கே 'பட்டுவா' என்பார்கள். போபால் நகரத்துச் சரிகைப் பட்டுவா இன்றும் பெயர்பெற்றது. ஊருக்கு ஊர் பெயர் வேறு. கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும் உபாயம் மட்டும் ஒன்றுதான்.

மேனாட்டு மாதரும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இவ்வாறே இருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலேய ஆடவரின் அங்கியிலும் காற்சட்டையிலும் பை உள்ளேயே தைக்கப்பட்டுவிட்டது. பெண்களுக்கு அப்படித் தைக்கவில்லை. பேரிக்காய் வடிவமுள்ள இரண்டு துணிப்பைகளை ஒரு நாடாவில் கோத்து, பாவாடைக்கு அடியில் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். மேலாடையின் பக்கவாட்டில் விட்டிருக்கும் பிளவின் வழியே கையை நுழைத்து வேண்டியதை எடுப்பார்கள். சிறிய பைகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றரைச் சாண் நீளத்துக்கு இருந்த அப்பைகளில் சாவி, கத்தரிக்கோல், மூக்குப்பொடி டப்பி, கடிதம், நாணயம், தின்பண்டம் எல்லாம் அடங்கின. பிறர் கண்ணிலே படாத பொருளாயினும் அதன்மேல் பூவேலை செய்து அழகு பார்த்த பெண்கள் பலர். லூசி லாக்கெட் என்பவள் தன் பாக்கெட்டைத் தொலைத்ததாக ஆங்கிலக் குழந்தைகள் பாடும் பாட்டு ஒன்று உண்டு. உடையோடு தைத்த பையை ஒருத்தி எப்படித் தொலைப்பாள் என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். நாடா அவிழ்ந்தால் பை முழுதுமே கீழே விழும் என்பதே அதற்கு விடை. திருடரும் இதை அறிந்தே நாடாவை அறுத்துக்கொண்டு ஓடினர்.

1790களில் நிலைமை மாறியது. பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய அந்நாட்களில், பழைய கிரேக்கச் சிலைகளைப் போல் உடுத்தவேண்டும் என்ற மோகம் பாரிஸையும் லண்டனையும் பற்றிக்கொண்டது. விரிந்து கிடந்த பாவாடைகள் ஒழிந்தன. உடையின் இடைக்கோடு மார்புக்குச் சற்றுக் கீழே ஏறியது. உடலைத் தழுவி நேராக விழும் மெல்லிய வெண்துணியே வேண்டும் என்றாயிற்று. அத்துணிக்குப் பேர்போன இடம் வங்காளம். மேக்னா ஆற்றங்கரையில் விளைந்த பருத்தியிலிருந்து நூற்கப்பட்ட டாக்கா மஸ்லினை ஐரோப்பியச் சீமாட்டிகள் போட்டியிட்டு வாங்கினர். ஆங்கில ஆலைகளும் அதைப்போன்ற துணியை நெய்து விற்கத் தொடங்கின. பனிப்படலம் போன்ற அந்தத் துணிக்கு அடியில் ஒன்றரைச் சாண் பையைக் கட்டினால் என்ன ஆகும்? புடைப்பு வெளியே தெரியும்; அழகு கெடும். ஆகவே பை இடுப்பிலிருந்து கழன்று கைக்கு வந்தது. இதுவே கைப்பையின் பிறப்பு.

புதிதாக வந்த அந்தப் பைக்கு 'ரெட்டிக்யூல்' என்று பெயர். சிறுவலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கேலிக்காரர்கள் அதைத் திரித்து, நகைப்புக்கு இடமானது என்று பொருள்பட 'ரிடிக்யூல்' என்றனர். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும் அப்பை நம் சுருக்குப்பைக்கு உடன்பிறப்பேதான். ஆனால் ஒரு கைக்குட்டையும் சில நாணயமும் வைத்தாலே நிறைந்துவிடும். நம் பாட்டி அதைக் கண்டிருந்தால், ஒரு கவுளி வெற்றிலைக்குக்கூட இடமில்லாத பை எதற்கு என்று திருப்பித் தந்திருப்பார். உழைத்துப் பிழைத்த பெண்கள் இந்நாகரிகத்தை முழுமையாக ஏற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுகிலும் அவர்களிற் பலர் இடுப்புப் பையையே கட்டிவந்தனர். கைப்பைக்குக் காரணமான டாக்கா நெசவோ அதே நூற்றாண்டில் நசித்துப் போயிற்று. அண்மைக் காலத்தில்தான் பங்களாதேஷில் அதை மீட்டு நெய்யும் முயற்சி பலன் தந்திருக்கிறது.

பை கைக்கு வந்துவிட்டது. அதனுள் இருந்த பணம் யாருடையது? இங்கிலாந்தின் பழைய சட்டப்படி, மணமான பெண்ணின் அசையும் பொருள் யாவும் கணவனையே சாரும். மில்லிசென்ட் ஃபாசெட் என்னும் மாது பின்னாளில் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் தலைவியாக விளங்கியவர். அவருடைய கணவர் ஹென்றி ஃபாசெட் பாராளுமன்ற உறுப்பினர். 1870களில் அம்மையாரின் பணப்பையை ஓர் இளைஞன் பறித்தான். கையும் களவுமாகப் பிடிபட்டான். குற்றப்பத்திரிகையில் எழுதியிருந்ததைக் கண்டு அம்மையார் திடுக்கிட்டார். ஹென்றி ஃபாசெட்டின் உடைமையாகிய, 1 பவுன் 18 ஷில்லிங் 6 பென்ஸ் அடங்கிய பணப்பை அவரிடமிருந்து திருடப்பட்டதாக அதிலே கண்டிருந்தது. தம்மீதே திருட்டுக் குற்றம் சாட்டியதுபோல் இருந்தது என்று பின்னர் அவர் எழுதினார். சம்பாத்தியம் மனைவிக்கே உரியது என்று 1870ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பியது. சொத்து முழுவதற்கும் அவ்வுரிமையை நீட்டியது 1882ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியாவில் 1874இல் இதே பெயரில் ஒரு சட்டம் வந்தபோதிலும், அதன் பெரும்பகுதி இந்துப் பெண்களைச் சாரவில்லை. அவர்களுக்கு ஸ்திரீதனம் என்னும் தொன்மையான ஏற்பாடு இருந்தது. ஆனால் கணவனிடமிருந்து வந்த சொத்தில் ஆயுட்கால அனுபோகமே கிட்டியது. அதை முழு உரிமையாக ஆக்கியது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம்.

பணம் தம் வசம் வந்தபின் அதைச் செலவிடவும் ஓர் இடம் வேண்டுமல்லவா? பாரிஸில் போன் மார்ஷே என்ற கடையை 1852 முதல் அரிஸ்தித் போசிகோ பெருக்கினார். விலையைச் சீட்டில் எழுதி ஒட்டினார். வாங்காமலே சுற்றிப் பார்த்துத் திரும்பலாம் என்றார். ஆண் துணையின்றிப் பெண்கள் தாராளமாக நடமாடும் பொதுவிடங்களில் ஒன்றாக அக்கடை அமைந்தது. நம் நாட்டில் கல்கத்தாவிலும் சென்னை மவுண்ட் ரோட்டிலும் பம்பாயிலும் கடை வைத்த வொயிட்அவே லெயிட்லா நிறுவனம் கடன் என்ற பேச்சுக்கே இடம் தராமல் ரொக்கத்துக்கே விற்றது. நம் வீடுகளிலோ, துணிமூட்டையைச் சுமந்து வாசலுக்கு வரும் வியாபாரியே நெடுங்காலம் கடையாக இருந்தார்.

உடலை அசைத்து ஆடவும் ஓடவும் ஏற்ற உடையின் கதை இதைவிடக் கடுமையானது. 1851இல் அமெரிக்காவில் அமேலியா புளூமர், முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரையிலான பாவாடையும் அதன் அடியில் துருக்கியர் பாணிக் காற்சட்டையும் அணிந்து, தம் பத்திரிகையிலும் அதை ஆதரித்து எழுதினார். ஊர் சிரித்தது. ஆதரித்த பெண்களே சில ஆண்டுகளில் சலித்துப் பழைய உடைக்குத் திரும்பினர். 1881இல் லண்டனில் தோன்றிய உடைச் சீர்திருத்தச் சங்கம், பெண்ணின் உள்ளாடைகள் யாவும் சேர்ந்து 7 ராத்தலுக்கு, அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடைக்கு மிகாதிருக்கவேண்டும் என்று கேட்டது. சீர்திருத்தவாதிகளே 3 கிலோவை அனுமதித்தார்கள் என்றால், நடைமுறையில் இருந்த சுமை எவ்வளவு என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

பிறகு சைக்கிள் வந்தது. மேற்சொன்ன சங்கத்தை நடத்திய ஹார்பர்டன் சீமாட்டி 1898இல் சைக்கிளுக்கேற்ற அகன்ற காற்சட்டை அணிந்து சர்ரே மாவட்டத்து விடுதி ஒன்றில் உணவு கேட்டார். பெண்கள் அமரும் காப்பி அறையில் இந்த உடைக்கு இடமில்லை, மதுக்கூடத்தை ஒட்டிய அறையில் உண்ணலாம் என்று பதில் கிடைத்தது. சைக்கிள் பயணிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. உணவு தர மறுக்கவில்லை, அறையைத்தானே மாற்றினார்கள் என்ற வாதமே எடுபட்டது. 1899இல் வழக்குத் தோற்றது. வழக்குத் தோற்றாலும் சைக்கிள் தோற்கவில்லை.

இன்று உடற்பயிற்சிக்கென விற்கும் இறுக்கமான காற்சட்டையின் இழை வந்த வழியும் விநோதமானது. டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் கண்டுபிடித்த அந்த மீள்நூல் லைக்ரா என்று பெயர் பெற்றது. பெண்கள் இடுப்பை ஒடுக்கிக் காட்டும் உள்பட்டையில் ரப்பருக்குப் பதிலாகப் பயன்படுத்துவதற்காகவே முதலில் அதைத் தேடினார்கள். ஒடுக்குவதற்குப் பிறந்த நூல் ஓடுவதற்குப் பயன்பட்டது. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகிய மூவர், ஓடும்போது உடலைத் தாங்கும் மார்க்கச்சு கடையில் கிடைக்காததால், ஆடவர் விளையாட்டு உள்ளாடை இரண்டைப் பிரித்துச் சேர்த்துத் தைத்துப் பார்த்தனர். விளையாட்டுக் கச்சு என்று இன்று விற்பதற்கெல்லாம் அதுவே மூலம். பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1984இல்தான், நம் பி.டி. உஷா நூற்றில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்ததும் அவ்வாண்டில்தான்.

அழகுக்கா, ஆட்டத்துக்கா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2011இல் உலக பாட்மிண்டன் சம்மேளனம், ஆட்டத்துக்குக் கவர்ச்சி சேரும் என்று எண்ணி, உயர்நிலைப் போட்டிகளில் பெண்கள் பாவாடை அணிந்தே தீரவேண்டும் என விதி வகுத்தது. பல நாட்டு வீராங்கனைகள் எதிர்த்தனர். 2012இல் விதி கைவிடப்பட்டது. 2018இல் அமெரிக்காவில் 20 நிறுவனங்களின் ஜீன்ஸ் காற்சட்டைகளை அளந்து பார்த்தார்கள். பெண்களுக்கானவற்றில் முன்பையின் ஆழம் ஆடவர் பையைவிடச் சராசரி 48 சதவீதம் குறைவாக இருந்தது. கைப்பேசி அதில் பாதி நுழைந்து நின்றுவிடும்.

இவ்விஷயத்தில் நம் நாட்டுப் பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. கரோல் பாக்கானாலும் மாதுங்காவானாலும் தெருமுனையில் தையற்காரர் இன்னும் இருக்கிறார். குர்த்தாவின் வலப்பக்கத் தையலில் பை வேண்டும் என்றால், எவ்வளவு ஆழம் என்று கேட்பார். கைப்பேசியை மேசைமேல் வைத்து, இது முழுவதும் உள்ளே போகவேண்டும் என்று அளவு கொடுத்துவிட்டு வரும் பெண்கள் இப்போது பலர்.