பெருந்தமனி வீக்கம்: ஸ்டென்ட் கிராஃப்ட் பொருத்திய பிறகும் ஸ்கேன் ஏன் அவசியம்?

இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தத்தைக் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாய் பெருந்தமனி. வயிற்றுப் பகுதியில் இதன் விட்டம் சுமார் 2 செ.மீ. ஆகும். சுவர் வலுவிழந்து, விட்டம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிவடைந்தால் அது ‘அனியூரிசம்’ எனப்படுகிறது. பெரும்பாலும் அறிகுறியின்றி வளரும் இந்த வீக்கம் வெடித்தால் உயிருக்கே ஆபத்தாகும். ஆண்களுக்கு 5.5 செ.மீ. அளவை எட்டும்போது சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

வயிற்றைத் திறக்காமல், தொடைத் தமனி வழியாகச் செயற்கைத் துணி போர்த்திய உலோக வலைக்குழாயைச் செலுத்தி வீக்கத்தினுள் பொருத்துவதே ஸ்டென்ட் கிராஃப்ட் சிகிச்சை. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் 1990-ஆம் ஆண்டு மருத்துவர் ஹுவான் பரோடி மேற்கொண்ட சிகிச்சைக்குப் பிறகு இம்முறை உலகெங்கும் பரவியது.

உள்கசிவு என்பது என்ன?

ரத்தம் புதிய குழாய்க்குள் மட்டுமே பாய்ந்தால், வெளியே உள்ள வீக்கப்பையில் அழுத்தம் குறைந்து, அது காலப்போக்கில் சுருங்கும். ரத்தம் மீண்டும் பைக்குள் நுழைவதே ‘எண்டோலீக்’ எனப்படும் உள்கசிவு.

குழாயின் முனைகளில் ஏற்படும் கசிவு முதல் வகை. இடுப்புத் தமனி போன்ற கிளைகளிலிருந்து ரத்தம் பின்னோக்கிப் பாய்வது இரண்டாம் வகை. குழாயின் இணைப்புகள் விலகுவதாலோ துணி கிழிவதாலோ ஏற்படுவது மூன்றாம் வகை. முதல், மூன்றாம் வகைகளைத் தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் வகை பல நேரங்களில் தானாகவே அடைபடும். எனினும் பை பெரிதானால் சிகிச்சை தேவைப்படலாம்.

எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

சாய மருந்து செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன், பையின் அளவையும் கசிவையும் துல்லியமாகக் காட்டும். ஆனால் கதிர்வீச்சு உண்டு. சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். டாப்ளர் அல்ட்ராசவுண்டில் இவ்விரு பிரச்னைகளும் இல்லை. ரத்தம் பாயும் திசையையும் அறியலாம். ஆனால் உடல் பருமனும் குடலில் உள்ள வாயுவும் படத்தை மறைக்கக்கூடும்.

‘4டி ஃப்ளோ’ எம்.ஆர்.ஐ., ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் ரத்தத்தின் வேகமும் திசையும் மாறுவதை முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறது. துருப்பிடிக்காத எஃகினாலான ஸ்டென்ட் படத்தைச் சிதைக்கும் என்பது இதன் வரம்பு.

பிரிட்டனில் 1,252 பேரிடம் நடைபெற்ற ‘ஈவார்-1’ ஆய்வில், முதல் 30 நாள் உயிரிழப்பு ஸ்டென்ட் கிராஃப்ட் முறையில் 1.8 சதவீதமாகவும், திறந்த அறுவை சிகிச்சையில் 4.3 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் 8 ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. ஸ்டென்ட் கிராஃப்ட் பொருத்தியவர்களுக்கு வீக்கப்பை பின்னாளில் வெடித்தது இதற்கு முக்கியக் காரணம் என்று 2016-இல் வெளியான அறிக்கை தெரிவித்தது.

எனவே, உடல்நிலை நன்றாக இருப்பதாக உணர்ந்தாலும், மருத்துவர் குறிப்பிடும் கால இடைவெளியில் வாழ்நாள் முழுவதும் பரிசோதனையைத் தொடர்வது அவசியம்.