பூனாவில் வளர்ந்த தொண்டு நிலையங்கள்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது எளியேன் சற்றுத் தயங்கினேன். பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன் நான், புலவன் அல்லேன். எனினும் சென்ற செயற்குழுக் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்கு விடை தேடிச் சில நூல்களைப் படித்தேன். அங்ஙனம் படித்தறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அக்கேள்வி யாது? நம் சங்கத்தின் அறையில் ஞாயிறுதோறும் காலையில் உதவி மேசை ஒன்று போடப்படுகின்றது. ரேஷன் அட்டைக்கு மனு எழுத வேண்டியவர்கள், பிள்ளைகளின் பள்ளிப் படிவத்தை நிரப்ப வேண்டியவர்கள், பென்ஷன் கடிதம் விளங்காத முதியவர்கள், மராத்தி அறியாமையால் மருத்துவரிடம் செல்ல அஞ்சும் தாய்மார்கள் ஆகியோர் அங்கே வருகின்றனர். அண்மைக் காலமாக அடுத்த தெருவில் உள்ள மராத்தியரும், தெலுங்கரும், பீகாரிலிருந்து வந்த கட்டிடத் தொழிலாளரும் வரத் தொடங்கியுள்ளனர். “தமிழர் தரும் சந்தாவில் நடைபெறும் பணி தமிழருக்கே உரியதாக இருத்தல் வேண்டாமா?” என்று உறுப்பினர் ஒருவர் வினவினார். அவர் கேட்டதில் குற்றம் ஒன்றும் இல்லை. மேசையில் அமர்வோர் இருவர். நேரமோ மூன்று மணி. உண்மையைச் சொல்லின், அன்று என் மனமும் அவர் பக்கமே சாய்ந்திருந்தது. முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளி வைக்கப்பட்டது.

நிற்க. நாம் வாழும் இப்பூனா நகரின் வரலாறு இதற்கு என்ன விடை கூறுகின்றது என்று பார்ப்போம்.

நாம் வந்த வழி

புனே என இன்று வழங்கும் பூனாவிலிருந்து கண்டாலா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1858-ஆம் ஆண்டில். போர் கணவாயில் மலையைக் குடைந்து பாதை அமைத்து, பம்பாயுடன் பூனாவை நேரே இணைத்தது 1863-இல். ஜி.ஐ.பி. ரயில்வேயும் மதராஸ் ரயில்வேயும் ராய்ச்சூரில் கைகோத்தது 1871-இல். அதன் பின்னர்த் தமிழகத்திலிருந்து இந்நகருக்கு வருவது எளிதாயிற்று. கிர்க்கியில் 1869-இல் தோன்றிய வெடிமருந்துத் தொழிற்சாலை, பாளையம், ரயில்வே, அலுவலகங்கள் ஆகியன பிழைப்புத் தேடி வந்தவர்களை ஈர்த்தன.

வந்திறங்கியவனுக்கு முதல் நாளில் வேண்டுவன எவை? படுக்க ஓர் இடம், ஊருக்குக் கடிதம் எழுதித் தர ஒருவர், கடைக்காரனிடம் பேச ஒரு துணை. இவற்றைத் தன் மொழி பேசுவோனிடமே அவன் தேடுவான். ஆகவே மொழியின் பெயரால் சங்கம் அமைப்பது இயல்பே. அதில் நாணத் தக்கது எதுவும் இல்லை. ஆனால் அச்சங்கம் எங்கே முடிவது என்பதுதான் கேள்வி.

பிளேக் நோயும் சாவித்திரிபாயும்

இந்நகரில் பொதுத் தொண்டு பற்றிப் பேசுவோர் ஜோதிராவ் பூலே, சாவித்திரிபாய் தம்பதியரை மறத்தல் இயலாது. 1848-இல் அவர்கள் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். 1868-இல், தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டவர்கள் நீர் எடுத்துக்கொள்ளுமாறு தம் வீட்டு நீர்த்தொட்டியைப் பூலே திறந்துவிட்டார். தண்ணீருக்குச் சாதி கேட்ட காலத்தில் இது சிறு செயல் அன்று.

1897-இல் பூனாவைப் பிளேக் நோய் சூழ்ந்தது. கணவரை இழந்திருந்த சாவித்திரிபாய், மருத்துவரான தம் வளர்ப்பு மகனுடன் சேர்ந்து நகருக்கு வெளியே நோயாளிகளைப் பேணினார். ஆற்றின் எதிர்க்கரையில் நமக்கு அருகே உள்ள முண்டுவாவிலிருந்து நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்தார் என்பர். அந்நோயே அவரையும் பற்றியது. 1897 மார்ச் 10-ஆம் நாள் அவர் மறைந்தார்.

கோகலேயின் இல்லத்தில் ஒரு தமிழர்

1905 ஜூன் 12-ஆம் நாள் கோபால கிருஷ்ண கோகலே பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதில் சேர்வோர் சிறிய ஊதியத்துடன் தம் வாழ்நாளைப் பொதுப்பணிக்கு ஒப்படைத்தல் வேண்டும். சாதி மத வேற்றுமை பாராமல் இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருதுவதாக உறுதி கூறுதல் வேண்டும்.

இவ்வில்லத்தை நாடித் தஞ்சைத் தரணியின் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் வந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கிய அவர், 1907-இல் அப்பதவியைத் துறந்து கோகலேயின் சங்கத்தில் சேர்ந்தார். 1915 பிப்ரவரி 19-இல் கோகலே மறைந்தபின் தலைவர் ஆனவர் அத்தமிழரே. 1927 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். மராத்தியர் நடுவே மராத்தியர் ஒருவர் தொடங்கிய நிலையத்திற்குத் தமிழர் ஒருவரைத் தலைவராக்கியபோது, அங்கே இருந்தோர் அவருடைய தாய்மொழியைப் பொருட்படுத்தவில்லை.

1927-இல் சாஸ்திரியார் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் பணியேற்றார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்களான தமிழர் பலர் அங்கே இருந்தனர். தெலுங்கரும், இந்துஸ்தானியரும், குஜராத்தி வணிகரும் உடன் இருந்தனர். இந்திய மாணவர்களின் உயர்கல்விக்காக அவர் பொருள் திரட்டினார். 1929-இல் டர்பனில் திறக்கப்பட்ட அக்கல்விக்கூடம் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர் பெற்றது. அதைத் தமிழருக்கு மட்டும் என அவர் அமைக்கவில்லை.

அச்சங்கத்தின் ஏனைய உறுப்பினர்களின் பணியும் இத்தகையதே. என். எம். ஜோஷி 1911-இல் பம்பாயில் சமூக சேவைக் கழகத்தைத் தோற்றுவித்து, ஆலைத் தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளி, படிப்பகம், மருந்தகம் முதலியவற்றை ஏற்படுத்தினார். ஜி. கே. தேவதர், ரமாபாய் ரானடே அம்மையாருடன் சேர்ந்து 1909-இல் தொடங்கிய பூனா சேவா சதனை வளர்த்தார். கைம்பெண்களும் ஏழைப் பெண்களும் அங்கே கல்வி, தையல், செவிலியர் பணி ஆகியவற்றைக் கற்றுத் தம் காலில் நின்றனர். 1921-இல் மலபாரில் கலகம் மூண்டு மக்கள் வீடிழந்து தவித்தபோது, பூனாவிலிருந்து அங்கே சென்று நிவாரணப் பணி நடத்தியவரும் இதே தேவதரே.

ஏரவாடா மண்

இனி, நம் ஏரவாடாவுக்கு வருவோம். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு அளித்த வகுப்புத் தீர்ப்பில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி வழங்கப்பட்டது. அதை எதிர்த்து ஏரவாடாச் சிறையிலிருந்த காந்தியடிகள் செப்டம்பர் 20-ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். டாக்டர் அம்பேத்கர் தம் மக்களின் உரிமைக்காக உறுதியுடன் வாதாடினார். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித்தொகுதிக்கு மாறாக, மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. முன்னைத் தீர்ப்பில் இருந்தவை 71. ஒப்பந்தத்தில் இராஜாஜி, எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகிய நம் நாட்டினரும் கையொப்பமிட்டனர். அம்பேத்கர் பிற்காலத்தில் இவ்வொப்பந்தத்தைக் கடுமையாகக் குறை கூறினார் என்பதையும் மறைத்தலாகாது. ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக எழுந்த தீண்டாமை ஒழிப்புச் சங்கமே பின்னர் அரிஜன சேவா சங்கம் எனப் பெயர் பெற்றது. அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர் கோகலேயின் சங்கத்து உறுப்பினரான தக்கர் பாபா.

நகர் சாலையில் உள்ள ஆகாகான் மாளிகையை நாம் அன்றாடம் கடந்து செல்கின்றோம். பஞ்சத்தால் வாடிய சுற்றுவட்டார மக்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டு மூன்றாம் ஆகாகான் கட்டுவித்த அம்மாளிகை 1892-இல் எழுந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் அது காவற்கூடமாயிற்று. 1942 ஆகஸ்ட் 15-இல் மகாதேவ தேசாயும், 1944 பிப்ரவரி 22-இல் கஸ்தூரிபா அன்னையாரும் அங்கே உயிர் நீத்தனர்.

கஸ்தூரிபாவின் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. கிராமப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்கென அறநிலையம் ஒன்று அமைந்தது. அதற்கும் தக்கர் பாபாவே செயலாளராக இருந்து உழைத்தார். அவ்வறநிலையத்தின் பணியைத் தமிழ்நாட்டில் ஏற்று நடத்தியவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். அவரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவினர். அங்கே கஸ்தூரிபாவின் பெயரால் மருத்துவமனை எழுந்தது.

அன்பர்களே! இதனை எண்ணிப் பாருங்கள். அன்னையார் பிறந்தது குஜராத்தியர் குடியில். மறைந்தது நம் ஏரவாடாவில். அவர் நினைவாகப் பல மொழியினர் நிதி அளித்தனர். அப்பணியின் பயனை மதுரைச் சீமையின் தமிழ்த் தாய்மார்கள் பெற்றனர். பணம் கொடுத்த மராத்தியரோ வங்காளியரோ, “இஃது எம் மொழிப் பெண்களுக்கு மட்டுமே” என்று கூறியிருப்பின், நம் நாட்டுப் பெண்டிருக்கு அந்நலன் கிட்டியிருக்குமா?

பம்பாயும் பிற நாடுகளும்

பல இனத்தார் கலந்து வாழும் இடங்களில் பொது உதவி நிலையம் அமைப்பது பிற நாடுகளிலும் உண்டு. 1884-இல் இலண்டனில் டாயின்பீ மண்டபமும், 1889-இல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் ஹல் இல்லமும் தோன்றின. கல்வி கற்ற இளைஞர்கள் ஏழைகளின் தெருவிலேயே சென்று குடியிருந்து உதவ வேண்டும் என்பது அவற்றின் கொள்கை. இத்தாலியர், ஜெர்மானியர், போலந்துக்காரர், யூதர் எனப் பல நாட்டிலிருந்தும் குடிபெயர்ந்து வந்தவர்களுக்கு ஹல் இல்லம் ஆங்கிலம் கற்பித்தது. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளைப் பேணியது.

இதைப் போன்றே பம்பாய் நாகபாடாவில் அண்டை இல்லம் ஒன்று ஏற்பட்டது. முஸ்லிம்களும் யூதர்களும் இந்துக்களும் கிறித்தவர்களும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. அதை நடத்திய கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்பார், நல்ல மனம் மட்டும் போதாது, தொண்டுக்கும் பயிற்சி வேண்டும் எனக் கண்டார். 1936-இல் டாட்டா அறநிலையத்தின் துணையால் அங்கேயே சமூகப் பணிக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று நாடறிந்த டாட்டா சமூக அறிவியல் நிலையம் அதிலிருந்து வளர்ந்ததே.

நம் தென்னாட்டவரும் இவ்வகையில் பின்தங்கவில்லை. பம்பாயில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கெனத் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தொடங்கப்பட்டது. இன்று அதன் பள்ளி கல்லூரிகளில் எல்லா மொழிப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அதனால் தென்னிந்தியர் பெருமை உயர்ந்ததே அன்றிக் குறையவில்லை.

நான் கண்டது

இவ்வளவும் நூல்களில் கற்றது. நான் கண்டதையும் ஒன்று சொல்லி முடிக்கின்றேன். 2020-இல் கொரோனா நோயால் ஊரடங்கு வந்தது. மே மாதம் முதல் நாளில் தொடங்கித் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடின. நிலையத்தில் என் பணியின்போது, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். அவர்களுள் பலர் தம் பெயரையும் ஊரையும் சரியாக எழுதித் தர ஒருவரும் இன்றித் தவித்தவர்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சிலருக்கு எழுதித் தந்தேன். அவ்வளவே என்னால் இயன்றது.

மறு ஆண்டு அந்நோய் என் வீட்டிற்கே வந்தது. என் தாயார்க்கு மூச்சு முட்டியது. நானும் படுக்கையில் கிடந்தேன். ஊரிலிருந்து வந்து சேர்ந்து சில மாதங்களே ஆன தாயார்க்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. கீழ்வீட்டு மராத்தி அம்மையார், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, என் தாயாரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அங்கே தமிழில் இரண்டு சொல் கேட்க என்னிடம் தொலைபேசியில் பாடம் கேட்டார். “வலிக்குதா?” “தண்ணி வேணுமா?” என்னும் அவ்விரண்டு சொற்களை வைத்துக்கொண்டு இரவு முழுதும் உடன் இருந்தார். என் தாயார் பிழைத்து எழுந்தார். இன்றும் அவ்வம்மையாரை அவர் “என் தங்கச்சி” என்றே சொல்கிறார்.

அந்த அம்மையாரின் பேரனுக்குப் பள்ளிப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தால், நம் ஞாயிற்றுக்கிழமை மேசையிலிருந்து, “இது தமிழருக்கு மட்டும்” என்று நான் சொல்ல இயலுமா? செயற்குழுக் கூட்டத்தில் என் மனம் சாய்ந்த பக்கத்தை எண்ணி நான் நாணுகின்றேன்.

வேண்டுகோள்

ஆகவே செயற்குழுவினர்க்குப் பணிவுடன் சில சொல்வேன். நம் தமிழ் வகுப்பும், பொங்கல் விழாவும், நூலகமும் தமிழுக்கே உரியனவாக இருக்கட்டும். அவை நம் கடமை. உதவி மேசை மட்டும் வந்தவர் எவராயினும் அவருக்கு உரியதாகட்டும். ஆள் போதவில்லை எனில் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிறு தரட்டும். மராத்தி நன்கறிந்த அண்டையார் இருவரையும் மேசையில் அமர அழைப்போம். நம் தாய்மார்க்கு அவர்கள் உதவுவர். வருவோர் பெயரும் தேவையும் ஒரு நோட்டில் எழுதப்படட்டும். எவரிடமும் கைப்பொருள் பெறலாகாது.

பிழைக்க வந்த ஊரில் நமக்கு இடம் தந்தவர்கள் உண்டு. அக்கடனைத் தீர்க்க நம்மிடம் இருப்பது ஒரு மேசையும் மூன்று மணி நேரமுமே. அதைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!